கையைப் பின்னால் கட்டி நின்ற மூன்று வாரங்கள்

1

போன செவ்வாய்க்கிழமை என் மேல் ஒரு புகார் வந்தது. டென்மார்க்கின் இந்தச் சின்ன ஊரில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். இதுதான் முதல் புகார். நான் செய்த குற்றம், எண்பத்தாறு வயதுக் கிழவர் ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். வயதானவர்கள் அவரவர் வீட்டிலேயே விழாமல், அடிபடாமல், நடமாட்டத்தோடு இருப்பதற்கு இங்கே நகராட்சியே ஆள் அனுப்புகிறது. அப்படி அனுப்பப்படும் ஆட்களில் நானும் ஒருத்தி. சைக்கிளில் போவேன். ஒரு காலைப்பொழுதில் ஆறு வீடு, ஏழு வீடு. பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களால் முடிகிற எதையும் நாங்கள் செய்துவிடக் கூடாது. பக்கத்தில் நிற்கலாம், வாயால் சொல்லலாம், விழப்போனால் பிடிக்கலாம். மற்றபடி கை முதுகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். செய்துகொடுத்துக்கொண்டே இருந்தால் உடம்பு மறந்துபோகும், அப்புறம் படுக்கைதான் என்பது அவர்கள் கணக்கு. பதினோரு வருடம் பார்த்துவிட்டேன், அந்தக் கணக்கு சரிதான்.

கார்ல் என்கிற அந்தக் கிழவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை தளர்ந்துவிட்டது. சட்டையில் ஆறு பொத்தான். அவரே போட்டால் இருபது நிமிடம் ஆகும். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவருடைய திட்டத்தாளில் எழுதியிருக்கிறது. அன்று நான் நிற்கவில்லை. குனிந்து ஆறையும் போட்டு, காலரையும் நீவிவிட்டேன். இதை அவர் தன் மகளிடம் பெருமையாகச் சொல்ல, மகள் நகராட்சிக்கு எழுதிவிட்டார். நான் அவர் அப்பாவின் முன்னேற்றத்தைக் கெடுக்கிறேனாம்.

என் மேலதிகாரி நல்லவர். காப்பி ஊற்றிக் கொடுத்து, மேசையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டுத்தான் விஷயத்தையே எடுத்தார். "ஏன் அப்படிச் செய்தாய் என்று அரைப் பக்கம் எழுதிக் கொடு, போதும்" என்றார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். டேனிஷ் மொழியில் எனக்குப் படிவம் நிரப்பத் தெரியும், பல் டாக்டரிடம் சண்டை போடத் தெரியும். ஆனால் இந்தக் கதை ராஜபாளையத்தில் ஆரம்பிக்கிறது. அங்கிருந்து ஆரம்பிக்கிற மாதிரி அந்த மொழியில் ஒரு வாக்கியம்கூட எனக்கு அமையவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

அப்பா விழுந்து இந்தத் தை மாதத்தோடு ஒரு வருடம்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்தவர். வரிசை வரிசையாக ஓடும் மிஷின்களுக்கு நடுவே ஷிப்டு முழுக்க நடந்துகொண்டே இருப்பதுதான் அந்த வேலை. ரிட்டையர் ஆன பிறகும் நடையை விடவில்லை. அம்மா போய் ஏழு வருடம் தனியாகத்தான் இருந்தார். சோறு மட்டும் வடித்துக்கொண்டு குழம்பு கடையில் வாங்கிக்கொள்வார். காலையிலும் சாயங்காலமும் டீக்கடை வரை நடை. மாதம் ஒருமுறை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தன் ஒரே தங்கையைப் பார்த்துவிட்டு வருவார். அந்தத் தங்கைதான் என் அத்தை.

எங்கள் வீட்டுக் குளியலறை தரைமட்டத்தைவிட அரையடி பள்ளம். தண்ணீர் வெளியே வரக் கூடாது என்று கட்டும்போதே அப்படி இறக்கிவிட்டார்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். நான் வருடா வருடம் வந்து, அதைத் தாண்டிக் குளித்துவிட்டுப் போனேன். டென்மார்க்கில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் என் கண் போவது குளியலறை வாசலுக்குத்தான். என் அப்பா வீட்டுப் பள்ளம் மட்டும் அத்தனை வருடமும் என் கண்ணில் படவே இல்லை. ஈரக் காலோடு இறங்கியவர் அங்கேதான் விழுந்தார்.

இடுப்பெலும்பில் மயிரிழை விரிசல். ஆபரேஷன் வேண்டாம், மூன்று வாரம் ஓய்வு எடுக்கட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கவிடுங்கள் என்று எலும்பு டாக்டர் சொன்னார். அத்தை ஒரு பையோடு பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டார். டாக்டர் சொன்னதில் ஓய்வு மட்டும்தான் அவர் காதில் ஏறியது. மூன்று வாரம் ஆனது, ஆறு வாரம் ஆனது, அப்பா கட்டிலிலேயே இருந்தார். நான் போனில் "நடக்க வைங்க அத்தை" என்று கத்துவேன். அத்தை போனை விட்டத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நான் பேசி முடிப்பேன்.

உடனே கிளம்பி வரவும் முடியவில்லை. நெருங்கிய உறவினருக்காக விடுப்பு கேட்கும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. நோயாளி சாகும் தறுவாயில் இருக்கிறாரா? இல்லை என்று டிக் அடித்தேன். அப்படியானால் உனக்கு இந்த விடுப்பு கிடையாது, வருட விடுமுறையில் எடுத்துக்கொள் என்று பதில் வந்தது. வருட விடுமுறைக்கு மாற்று ஆள் கிடைக்க வேண்டும். அது கிடைத்து நான் மதுரையில் இறங்கியபோது அப்பா விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு இருந்தது மூன்று வாரம்.

3

வாசலில் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே போனால், அத்தை அப்பாவைத் தூக்கிக்கொண்டிருந்தார். இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, தன் நெஞ்சோடு சாய்த்து, மூச்சைப் பிடித்து ஒரு தூக்கு. அத்தைக்கு வயது அறுபத்தெட்டு. அப்பாவின் கால் தரையில் சும்மா இழுபட்டது. வேட்டிக்கு வெளியே தெரிந்த தொடையைப் பார்த்தேன். கைமுட்டு அளவுக்கு வற்றியிருந்தது.

"வாட்டி சாந்தி. பாத்தியா உங்கப்பனை? ஒரு காலு தரையில படவிடல நான். பூ மாதிரி வச்சிருக்கேன்" என்றார் அத்தை. முகத்தில் வேர்வை வழிந்தது. அதில் எவ்வளவு பெருமை!

"என்னப்பா இப்படி மெலிஞ்சிட்டீங்க?" என்று நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டேன்.

"வயசாச்சுல்லா தாயி" என்றார் அப்பா. "உம் பிள்ளை வரலையா?"

"அவளுக்குப் பரீட்சை, அப்பா."

"சரி சரி" என்றார்.

அன்று முழுக்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். விழுந்தவரைப் பார்க்க வருவது எங்கள் பக்கத்தில் தவறவே கூடாத ஒரு மரியாதை. சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். ஆரஞ்சு, ரொட்டி, பிஸ்கட், பால்கோவா டப்பா. வருகிற ஒவ்வொருவரும் ஒன்றையே சொன்னார்கள். "அசையாதீக மாமா, படுத்தே இருங்க." "எதுக்கு எந்திரிக்கீக, எங்களுக்காகவா?" அப்பா கையை ஊன்றி எழப்பார்த்தால் நாலு பேர் பாய்ந்து படுக்க வைத்தார்கள். டென்மார்க்கில் ஒரு மனிதனைப் படுக்கையில் போட வருடக்கணக்கில் நோய் வேண்டும். இங்கே அன்பு ஒன்றே இரண்டு மாதத்தில் அதைச் செய்து முடித்திருந்தது.

எல்லோரும் போன பிறகு அத்தை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"ஏட்டி, நீ போன பொறவு நான் அண்ணனை வில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். பின்கட்டு ரூம்பு சும்மாதான கெடக்கு. இந்த வீட்டைப் பூட்டிரலாம்."

"அப்பா என்ன சொல்றாரு?"

"அவுக என்ன சொல்லுவாக? இங்கதான் கெடப்பேன்னு சொல்லுதாக. தானா ஒன்னுக்குப் போகக்கூட ஏலாதவுக எப்படித் தனியா இருக்க முடியும்? நீயே சொல்லு."

அந்தப் பின்கட்டு அறையை எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அங்கே போனால் அப்பா திரும்பி வரப்போவதில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்கும் வாசலுக்கும் அவரே நடந்துவிட்டால் தன் வீட்டிலேயே இருக்கலாம். நடக்காவிட்டால் இந்த வீட்டுக்குப் பூட்டுதான். மூன்று வாரத்தில் இருபது நாள் மிச்சம் இருந்தது.

4

மறுநாள் காலை அப்பா எழ வேண்டும் என்றார். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

"அத்தை, நீங்க தூக்காதீங்க. அப்பா, நீங்களே எந்திரிங்க."

சொன்ன பிறகுதான் காதில் உறைத்தது. டேனிஷ் மொழியில் தினமும் பத்து தடவை நான் சொல்கிற வார்த்தை இது. அங்கே அது மரியாதை. உன்னால் முடியும் என்று நான் நம்புகிறேன் என்று அர்த்தம். எங்கள் வீட்டில், கோபம் வந்து உறவே வேண்டாம் என்கிறபோதுதான் இப்படிச் சொல்வோம். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

போதாததற்கு, பழக்கத்தில் என் இரண்டு கையும் தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. பெரியவர்கள் முன்னால் கையை முன்பக்கம் கட்டி நிற்பதுதான் எங்கள் வழக்கம். பின்னால் கட்டினால் அது அதிகாரி. அப்பா ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, உடம்பு நடுங்க, எழப்பார்த்து, விழுந்து, மறுபடி எழப்பார்க்க, பெற்ற மகள் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் தேவதானத்துப் பெரியப்பா மகன் உள்ளே நுழைந்தார். எனக்கு அண்ணன், போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்ன சித்தப்பாவுக்கு டிரில் நடக்கா?" என்றார்.

அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். "நீயே பாருலே. ரெண்டு மாசமா நான் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்த மனுசனை என்ன பாடு படுத்துதா! ஏட்டி, உனக்குக் கை இல்லையா?"

"கை கொடுத்தா கால் போயிரும் அத்தை. இதுதான் என் வேலை. எனக்குத் தெரியும்."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வெள்ளைக்காரக் கிழவன்களுக்கு எல்லாம் செய்யிதியாமே. குளிப்பாட்டுறதாமே, துடைச்சு விடுறதாமே. சம்பளம் குடுத்தாத்தான் தொடுவியோ? சொந்த அப்பனுக்குன்னா கை பின்னால போகுது."

அவர் கெட்டவர் இல்லை. நான் பிறந்தபோது என்னை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்தவர். அந்தப் பேச்சு என் நெஞ்சில் எங்கே தைத்தது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. கோபம்தான் வந்தது. கையைப் பின்னாலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன்.

பதினோரு நிமிடத்தில் அப்பா எழுந்து நின்றார். வேர்த்துக் கொட்டியது. என்னைப் பார்த்து மூச்சு வாங்கச் சிரித்தார்.

"மில்லுல புதுசா வந்தவனுகளுக்குப் பக்கத்துல நான் இப்படித்தாம்லே நின்னேன்" என்றார் அண்ணனிடம். "இழை அறுந்து போகும், அவன் முழிப்பான், நான் கையக் கட்டிக்கிட்டு நிப்பேன். மனசுக்குள்ள எம்புட்டு வைஞ்சிருப்பானுகன்னு இப்பத்தான தெரியுது."

5

அதற்கடுத்த வாரம் வீட்டை உடைத்தோம். குளியலறைப் பள்ளத்தை நிரப்பி மேடாக்கி, வழுக்காத சொரசொரப்புக் கல் பதிக்க ஒரு கொத்தனார் வந்தார். சுவரில் பிடிமானக் கம்பி வேண்டும் என்றேன். சாயங்காலம் பளபளவென்று ஒரு கம்பி மாட்டியிருந்தார். நான் அதைப் பிடித்து முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். கம்பி, இரண்டு திருகாணி, கொஞ்சம் சுவர், நான், எல்லாம் ஒன்றாகக் கீழே வந்தோம்.

"அக்கா, துண்டு போடத்தான கேட்டீக?" என்றார் கொத்தனார், நிஜமாகவே பதறிப்போய்.

"ஆளே தொங்கணும்ணே."

"ஆள் எதுக்குக்கா தொங்கணும்?"

அப்பாவைக் காட்டி விளக்கியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. தன் அம்மாவும் இப்படித்தான் விழுந்தார் என்றார். மறுநாள் வெல்டிங் கடையில் ஒன்றரை அங்குலப் பைப்பில் தகடு வைத்து ஒட்டச் சொல்லி, சுவரைக் குடைந்து சிமெண்டுக்குள் விட்டுப் பூசினார். கட்டிலிலிருந்து குளியலறை வரை ஒரு பைப், வாசற்படியில் ஒரு பைப். வாசல் நிலைப்படியை மட்டும் செதுக்கவிடமாட்டேன் என்று அத்தை குறுக்கே நின்றார். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசுகிற படி அது. சரி என்று இரண்டு பக்கமும் சரிவாகப் பலகை போட்டோம். கட்டில் தாழ்வாக இருந்ததால் நாலு காலுக்கும் மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். முட்டி இடுப்பைவிட மேலே இருந்தால் யாராலும் எழ முடியாது. இதெல்லாம் சின்ன விஷயங்கள்தான். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றே போய்க் கட்டிலையும் குளியலறை வாசலையும் ஒரு தடவை பாருங்கள். பைப்பை மாட்டியவர் போன பிறகு நீங்களே அதில் தொங்கிப் பாருங்கள்.

அந்த வாரம் என் மகளோடு வீடியோவில் பேசினேன். அவளுக்குப் பதினாறு வயது. தாத்தா பைப்பைப் பிடித்து நாலு எட்டு வைப்பதைப் பார்த்துக் கை தட்டினாள். பிறகு என்னிடம் ரொம்பக் கரிசனமாகச் சொன்னாள்: "அம்மா, நீ விழுந்தா பயப்படாத. கம்யூன்ல இருந்து நல்ல ஆள் அனுப்புவாங்க. நான் போன் பண்ணி எல்லாம் ஏற்பாடு பண்ணிடுவேன்." கம்யூன் என்றால் எங்கள் நகராட்சி. அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். நான் சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டு வாசல் பைப்பில் இன்னொரு தடவை தொங்கிப் பார்த்தேன்.

6

அப்பா நன்றாக நடக்க ஆரம்பித்திருக்க வேண்டும். உடம்பு அதைத்தான் சொன்னது. தொடையில் சதை பிடித்திருந்தது, நிற்கும்போது நடுக்கம் இல்லை. ஆனால் மூன்றாவது வாரம் பிறந்த பிறகும் எழுவதற்கு மட்டும் "ஏ புள்ள, செத்த தூக்கி விடு" என்று அத்தையைத்தான் கூப்பிட்டார். நான் எங்காவது போன நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார். அத்தையும் ஓடி வந்து தூக்குவார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கிளம்ப ஐந்து நாள்தான் இருந்தது. என் பயிற்சியில் எங்கே தப்பு என்று நோட்டு போட்டு எழுதிப் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போனவள் பையை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தேன். அத்தை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து ஜன்னல் வழியாகத் தற்செயலாக உள்ளே பார்த்தேன்.

அப்பா எழுந்தார். யாரும் இல்லை, சத்தமும் இல்லை. பைப்பில் ஒரு கை, கட்டிலில் ஒரு கை, ஒரே மூச்சில் எழுந்து நின்றார். குளியலறைக்குப் போனார், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, வந்தார். நிலைக்கு வெளியே எட்டிப்பார்த்தார். பிறகு கட்டிலில் ஏறிப் படுத்து, போர்வையை இழுத்து, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏ புள்ள! செத்த வாயேன். எந்திரிக்கணும்."

அத்தை படியில் தடதடவென்று இறங்கி வந்து, "நான் இருக்கேன்ண்ணே" என்று அள்ளினார். அப்பா அத்தையின் தோளில் தலையைச் சாய்த்தார். கண் மூடியிருந்தது.

அத்தை குளிக்கப் போகும் வரை காத்திருந்தேன். பிறகு கட்டில் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, உங்களுக்கு எந்திரிக்கத் தெரியுது. நான் பாத்துட்டேன்."

"போலீஸ்காரி மாதிரி வந்து நிக்காதட்டி" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் முகத்தை மாற்றிக்கொண்டார். "தெரியும். பத்து நாளாத் தெரியும்."

"பொறவு ஏன்ப்பா? உங்க தங்கச்சிக்கும் வயசாச்சு. அவங்க இடுப்பு போயிரும். இப்படியே இருந்தா வீட்டைப் பூட்டிட்டு உங்களைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்பா பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் புதுப் பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை.

"உங்கம்மா போன பொறவு என்னைய யாருட்டி தொட்டா?" என்றார். "முடி வெட்டுறவன் தொடுவான். பஸ்ஸுல கண்டக்டர் முதுகுல கை வச்சு உள்ள போங்கய்யாம்பான். ஏழு வருசத்துல அம்புட்டுத்தான். விழுந்த அன்னைக்கு இவ வந்து ரெண்டு கையிலயும் என்னைய அள்ளுனா பாரு, வலி உசுரு போகுது. ஆனா வலியைவிட, இவ விட்டுருவாளோன்னுதான் பயமா இருந்துச்சு."

"நானா எந்திரிச்சிட்டேன்னா இவ ஊருக்குப் போயிருவா. நீயும் போயிருவ. உன்னைக் குத்தம் சொல்லல தாயி. கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்க. அது உன் படிப்பு. நல்ல படிப்புதான், நடக்க வச்சுட்டியே. இருந்தாலும் நீ வந்த அன்னைக்கு, ஒரு தடவ வந்து தொடுவன்னு பாத்தேன்."

7

எனக்கு வெட்கமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதை மறைக்க ஒன்றும் இல்லை.

பதினோரு வருடத்தில் எத்தனை கிழவர்களுடைய முதுகைத் தேய்த்திருக்கிறேன், எத்தனை பேருக்குக் காலுறை மாட்டியிருக்கிறேன். என் அப்பாவை நான் கடைசியாகத் தொட்டது எப்போது என்று யோசித்தேன். கல்யாணத்தன்று காலில் விழுந்தபோது. அதற்குப் பிறகு விமான நிலையங்களில் "போயிட்டு வாரேன்ப்பா", "பாத்துப் போ தாயி". நடுவில் எப்போதும் ஒரு பெட்டி. எங்கள் வீடுகளில் வளர்ந்த மகளும் அப்பாவும் தொட்டுக்கொள்வதில்லை. அதற்கு ஒரு காரணம் வேண்டும். ஒரு காய்ச்சல், ஒரு அடி, ஒரு சாவு. அப்பாவுக்கு அந்தக் காரணம் எழுபத்தெட்டு வயதில்தான் கிடைத்தது. நான் மூன்று வாரம் லீவு போட்டு வந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். டென்மார்க்கில் எங்களுக்கு இதைப் பற்றி எந்தப் பாடமும் நடத்தவில்லை. அங்கே திட்டத்தாளில் எழுதியிருக்கிறது எல்லாம் சரிதான். எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது, கார்லின் தாளிலும்.

அப்பா சொன்னதை நான் அத்தையிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பொய் சொன்னேன்.

"அத்தை, ஒன்னை நான் சொல்ல மறந்துட்டேன். அங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுல ரெண்டு பங்கு இருக்கு. மொதல்ல அவரே எந்திரிச்சு, அவரே நடக்கணும். யாரும் தொடக் கூடாது. நடந்து முடிச்ச பொறவு, எண்ணெய் போட்டு அரை மணி நேரம் கையும் காலும் பிடிச்சு விடணும். அதுக்கு வீட்டு ஆள்தான் வேணும். வெளியாள் செஞ்சா பலிக்காது."

அத்தை இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏம்ட்டி உங்கூடச் சண்டை போடப்போறேன்?"

அன்று முதல் தடவை எண்ணெய் தேய்த்தது நான்தான். கையுறை இல்லாமல் நான் இந்த வேலையைச் செய்ததே இல்லை. அப்பாவின் பாதம் கனமாக, சூடாக இருந்தது. குதிகாலில் மில் தரையில் நடந்து நடந்து உண்டான காய்ப்பு இன்னும் இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, பழைய ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் எந்த மிஷின் எங்கே நின்றது என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் எல்லாவற்றுக்கும் "அப்படியாப்பா" என்றேன். இரண்டு பேருக்கும் கூச்சம். அரை மணி நேரம் ஆன பிறகும் போதும் என்று அவர் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை.

மறுநாளிலிருந்து அப்பா யாரையும் கூப்பிடாமல் எழுந்தார். அத்தையும் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டைப் பூட்ட வேண்டாம். செவ்வாயும் வெள்ளியும் அவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து எண்ணெய் தேய்த்துவிட்டு, சாப்பிட்டு, சாயங்காலம் திரும்புவார். மற்ற நாட்களில் காலையும் மாலையும் பக்கத்து வீட்டுச் சுப்பம்மா அக்கா எட்டிப்பார்ப்பார். இந்த ஏற்பாடு இன்று வரை நடக்கிறது. நடுவில் இரண்டு வெள்ளிக்கிழமை அத்தைக்கு முட்டி வலி வந்து வரமுடியாமல் போனது. அப்போது அப்பா ரொம்ப முணுமுணுத்தாராம்.

8

கிளம்பிய நாளோடு முடிக்கிறேன்.

எங்கள் தெரு குறுகல். மதுரைக்குப் போகிற கார் முனையில்தான் நிற்க முடியும். வழியனுப்ப எல்லோரும் வந்திருந்தார்கள். தேவதானத்து அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். நான் உள்ளே போய் "வாரேன்ப்பா" என்றேன். "இரு, முனை வரைக்கும் நானும் வாரேன்" என்றார் அப்பா.

கட்டிலிலிருந்து அவரே எழுந்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டார். பலகைச் சரிவில் ஏறி, நிலைப்படி தாண்டி, வாசல் பைப்பைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். சுப்பம்மா அக்கா தன் வாசலில் நின்று "மெல்லகா, மெல்லகா அண்ணா" என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் அப்பா லேசாகத் தடுமாற, அண்ணன் பெட்டியை வைத்துவிட்டுப் பாய்ந்தார்.

"ஏலே, தொடாத!" என்று அத்தை அதட்டினார். "அண்ணன் தானா வருவாக. உனக்கு ஒன்னும் தெரியாது, சும்மா நில்லு." அத்தையின் கண்ணில் தண்ணீர் நின்றது. முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா தெருவில் இறங்கிவிட்டார். இனி சமதரை. முனை வரை நூறு எட்டு. அந்தத் தூரத்தை அவர் மூன்று நாளாகத் தனியாக நடந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கைத்தடியை இடது கைக்கு மாற்றினார். வலது கையை என் பக்கம் நீட்டினார்.

"கையக் குடு."

"என்னப்பா, மயக்கமா வருதா? நாற்காலி கொண்டு வரச் சொல்லவா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல. நல்லாத்தான் இருக்கேன். குடு."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கொடுத்தேன். அவர் என் விரல்களுக்குள் விரலைக் கோத்துப் பிடித்துக்கொண்டார். காரிலிருந்து டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த நூறு எட்டை அவர் மூன்று நிமிடத்தில் நடந்துவிடுவார். கடிகாரம் வைத்துப் பார்த்தவள் நான். அன்று நாங்கள் ரொம்ப நேரம் நடந்தோம்.